மேடையில் நம்ம வாசிப்பு நமக்கே கேட்கல: லைவ் வாசிக்கிறவங்க என்ன செய்யறீங்க?

புதுக்கம்பி எழுதியது:

வணக்கம். நாங்க அஞ்சு பேர். பாட்டு, கிடார் (நான்), கீபோர்டு, பேஸ், டிரம்ஸ். பயிற்சி அறையில எல்லாம் சரியா வருது. மேடை ஏறினா வேற யாரோ வாசிக்கிற மாதிரி இருக்கு. போன நிகழ்ச்சியில பாடுறவருக்கு அவர் குரல் கேட்காம கத்திப் பாடி, மூணாவது பாட்டுலயே தொண்டை கட்டிப்போச்சு. டிரம்மர் கிடார் கேட்கலன்னு சைகை காட்டுறார், ஆம்பைக் கூட்டினா கீபோர்டு கேட்கலங்கிறாங்க, கீபோர்டைக் கூட்டினா மானிட்டர் (நாங்க வாசிக்கிறது எங்களுக்கே கேட்க வைக்கிற மேடை ஸ்பீக்கர்) ஊளையிட ஆரம்பிக்குது.

அடுத்த மாசம் பெரிய அரங்கம், எங்களுக்கு 40 நிமிஷம். "நிறைய பயிற்சி பண்ணுங்க"ங்கிறதைத் தவிர என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். மேடையில நிஜமா உதவுறது என்ன?

ஃபேடர்பக்கம் எழுதியது:

தம்பி, நான் மிக்சருக்குப் பின்னாடி நிக்கிற ஆளு. அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்றேன்.

"மானிட்டர்ல என்ன வேணும்?"னு கேட்டா பத்துல ஒன்பது பேர் "எல்லாம் கொஞ்சம் குடுங்க"ம்பாங்க. அங்கேயே பாதி ஆட்டம் முடிஞ்சுது. அஞ்சு பேருக்கும் எல்லாமும் குடுத்தா மேடை முழுக்க ஒரே இரைச்சல், யாருக்கும் எதுவும் புரியாது. உனக்கு வேண்டியது மூணுதான்: உன் சத்தம், நீ சுருதி பிடிக்கிற வாத்தியம், நீ தாளம் பிடிக்கிற வாத்தியம். பாடுறவருக்குத் தன் குரலும் கீபோர்டும் போதும், டிரம்ஸ் எப்படியும் காதைப் பிளக்கும். பேஸ்காரருக்கு கிக் டிரம்மும் (காலால அடிக்கிறது) கொஞ்சம் குரலும்.

அடுத்தது, கூட்டச் சொல்றதுக்கு முன்னாடி எதைக் குறைக்கலாம்னு யோசி. "என் குரல் கேட்கல"ங்கிறவர்கிட்ட குரலைக் கூட்டறதை விட அவர் வெட்ஜ்ல (தரையில சாய்ஞ்சு இருக்கிற மானிட்டர்) வர்ற கிடாரை எடுத்துட்டா குரல் தானா மேல வரும். ஊளையும் வராது. "இன்னும் இன்னும்"னு கேட்கிற குழுவை விட "இதை எடுத்துடுங்க"ன்னு கேட்கிற குழுவுக்கு எங்களால ரெண்டு மடங்கு நல்லா செய்ய முடியும்.

கிடார் ஆம்ப் எங்க வைக்கிற? தரையில, உன் காலுக்குப் பின்னாடி, சரியா? அப்ப அது உன் முழங்காலுக்கு வாசிக்குது, முழங்காலுக்குக் காது கிடையாது. நீ பத்தலன்னு கூட்டுவ, அந்தச் சத்தம் நேரா முன்வரிசைக்காரர் முகத்துல போய் அடிக்கும். ஆம்பை ஒரு பெட்டி மேல ஏத்தி வை, இல்ல பின்னால சாய்ச்சு உன் காதைப் பார்க்க வை. வால்யூம் தானா பாதியாகும்.

மைக். சாதாரணமா மேடையில கிடைக்கிற ஷ்யூர் எஸ்எம் 58 மாதிரி கார்டியாய்ட் (முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்கிற) மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். அதனால மானிட்டர் பாடுறவருக்கு நேர் எதிரே, மைக்கோட வால் பார்க்கிற பக்கம் இருக்கணும். சூப்பர் கார்டியாய்ட் (இன்னும் குறுகலா முன்பக்கம் கேட்கிற) மைக்னா கணக்கு வேற. அதுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் கேட்கும், முன்பக்கத்துலேர்ந்து சுமார் 125 டிகிரி திரும்பின இடத்துலதான் மந்தம். அதனால வெட்ஜைக் கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளணும். எந்த மைக்னு கேட்டுட்டு வெட்ஜ் வை.

அப்புறம் அந்த மைக் தலையை உள்ளங்கையால பொத்திப் பிடிக்கிற பழக்கம். பார்க்க ஸ்டைலா இருக்கும். சத்தம் எந்தத் திசையிலேர்ந்து வருதுன்னு பிரிச்சுப் பார்க்க மைக்குக்கு அதோட தலைக்குப் பின்பக்கம் இருக்கிற துளைகள்தான் வழி. அதை மூடினா எல்லாத் திசையிலயும் கேட்கிற மைக்கா மாறிடும். அடுத்த நொடி ஊளை. திட்டு மட்டும் எங்களுக்கு.

தாளக்கட்டு எழுதியது:

அண்ணே சொன்னதுல ஒண்ணு மட்டும் ஒத்துக்க மாட்டேன். "குறைச்சுக் கேளு"ங்கிறது முன்னாடி நிக்கிறவங்களுக்குச் சரி. டிரம்மர் உட்கார்ந்திருக்கிற இடத்துல சிம்பல் சத்தத்தைத் தாண்டி ஏதாவது காதுல விழணும்னா மானிட்டர் பலமா இருந்தே ஆகணும். எங்களுக்கு மட்டும் விதிவிலக்கு குடுங்க.

மானிட்டரே இல்லாத காலமும் இருந்துச்சு. 1965-ல நியூயார்க் ஷே ஸ்டேடியத்துல பீட்டில்ஸ் 55,000 பேருக்கு மேல முன்னாடி வாசிச்சப்ப மேடையில மானிட்டர் கிடையாது, ரசிகர்கள் கூச்சல்தான் காதுல. அவங்க டிரம்மர் ரிங்கோ முன்னாடி நிக்கிற மூணு பேரோட உடம்பு அசையறதைப் பார்த்துத்தான் பாட்டு எங்க இருக்குன்னு பிடிச்சாராம்.

அதுல நமக்கு ஒரு விஷயம் இருக்கு, புதுக்கம்பி. பயிற்சி அறையில எப்படி நிக்கறீங்க? வட்டமா, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு, ஆளுக்கு ரெண்டு மீட்டர் தூரத்துல. மேடையில எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையா நிக்கறீங்க. உங்க முடிவு, நிறுத்தம், வேகமாற்றம் எல்லாம் இத்தனை நாள் கண்ணாலதான் நடந்திருக்கு, அது உங்களுக்கே தெரியாது. நிகழ்ச்சிக்கு முன்னாடி வர்ற பயிற்சியை எல்லாம் மேடை வரிசையில, சுவரைப் பார்த்து நின்னு வாசிங்க. எந்தெந்த இடத்துல திரும்பி டிரம்மரைப் பார்க்கத் தோணுதோ அங்கெல்லாம் ஒரு தெளிவான சைகை வேணும்னு அர்த்தம்.

இன்னொண்ணு தூரம். ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி செகண்ட் எடுக்கும். பெரிய மேடை கிடைச்சுதுன்னு பேஸ்காரர் பத்து மீட்டர் தள்ளிப் போய் நின்னா என் கிக் அவருக்கு 30 மில்லி செகண்ட் கழிச்சுத்தான் போய்ச் சேரும். அவர் அதுக்கு வாசிப்பார், அது திரும்ப என்கிட்ட வர இன்னொரு 30. பாட்டு இழுத்துக்கிட்டே போகும், யார் இழுக்கிறதுன்னு சண்டை வரும். எவ்வளவு பெரிய மேடையா இருந்தாலும் பயிற்சி அறையில நிக்கிற நெருக்கத்துலயே நில்லுங்க.

இரண்டாம்குரல் எழுதியது:

பாடுகிறவர் தரப்பிலிருந்து சிலது.

உங்கள் பாடகர் கத்தியது அவர் குற்றமல்ல. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதக் குரல் தானாகவே உயரும். 1911-லேயே எத்தியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறார்கள். "கத்தாமல் பாடு" என்று புத்தி சொல்லி இதை நிறுத்த முடியாது. குரல் அவர் காதுக்குப் போக வழி செய்ய வேண்டும். மேடையில் சட்டென்று ஒன்றும் கேட்காமல் போனால் ஒரு காதை விரலால் லேசாக மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தலைக்குள் எலும்பு வழியாக வரும் தன் குரல் தெளிவாகிவிடும், சுருதி நிற்கும். அந்தப் பாட்டைக் கடக்க அது போதும்.

மைக்கோடு தூரம் பழக வேண்டும். மெல்லிய வரிக்கு உதட்டருகே, உச்ச வரிக்கு ஒரு சாண் விலகி. ரொம்ப ஒட்டிப் பிடித்தால் கீழ் ஒலிகள் பெருத்துக் குரல் கனமாகக் கேட்கும். சிலருக்கு அது அழகு, சிலருக்கு வார்த்தையே புரியாது. பயிற்சியிலும் மைக்கில்தான் பாட வேண்டும். வெறும் குரலில் பாடிப் பழகிவிட்டு மேடையில் முதல்முறையாக மைக் பிடிப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சவுண்ட் செக்கில் "செக், ஒன், டூ" சொல்லிவிட்டு இறங்கிவிடாதீர்கள். பேச்சு வேறு, பாட்டு வேறு. இருப்பதிலேயே உச்சமான வரியை, இரவு எவ்வளவு பலமாகப் பாடுவீர்களோ அதே பலத்தில் ஒரு முறை பாடுங்கள். பிறகு இருப்பதிலேயே மெல்லிய வரியை. இரண்டே வரி, தொண்டைக்கும் சேதமில்லை.

தொண்டையைச் செருமுவதை விடுங்கள். ஒரு வாய் தண்ணீர் குடித்து விழுங்கினாலே போதும். அந்தத் தண்ணீரையும் மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், ஏறும்போது ஒரு பாட்டில் கவிழ்ப்பதில் பயனில்லை.

ஃபேடர்பக்கம் எழுதியது:

அக்கா சொன்ன சவுண்ட் செக் விஷயத்தைப் பெரிய எழுத்துல எழுதி ஒட்டணும். நாங்க மைக் கெயினை (உள்ள வர்ற சத்தத்தை எவ்வளவு பெருக்கணும்ங்கிற அளவை) வைக்கிறது அப்பத்தான். செக்ல பூனை மாதிரி வாசிச்சுட்டு நிகழ்ச்சியில புலி மாதிரி பாய்ஞ்சா அத்தனை சேனலும் சிவப்பு விளக்கு எரியும், முதல் பாட்டு முழுக்க நாங்க கெயினைத் துரத்திக்கிட்டு இருப்போம்.

டிரம்ஸ் செக் நடக்கும்போது மத்தவங்க கை கட்டிக்கிட்டு நிக்கணும். டிரம்மர் ஸ்நேரை மட்டும் அடிக்கிறார், ஓரத்துல கிடார்க்காரர் தனக்குள்ளயே ஒரு சோலோ வாசிச்சுக்கிட்டு இருப்பார். எல்லா ஊர்லயும், எல்லாக் குழுவுலயும், தவறாம. அஞ்சு நிமிஷம் சும்மா இருந்தா செக் பாதி நேரத்துல முடியும்.

தனித்தனியா முடிஞ்சதும் ஒரு பாட்டோட நடுப்பகுதியை, எல்லாரும் ஒண்ணா வாசிக்கிற இடத்தை, வாசிங்க. முழுப் பாட்டு வேண்டாம். காலி அரங்கத்துல கேட்ட சத்தம் ஆள் நிறைஞ்சதும் மாறும், கூட்டம் மேல்பகுதி ஒலியையும் எதிரொலியையும் உறிஞ்சிடும். "செக்ல நல்லா இருந்துச்சே"ன்னு முதல் பாட்டுல பதறாதீங்க, அதைச் சரிபண்ணத்தான் நாங்க இருக்கோம்.

கேபிளைப் பிடுங்கறதுக்கு முன்னாடி எங்களைப் பார்த்து சைகை காட்டு. நாங்க மியூட் போட்டதும் பிடுங்கு. அதுவும் 48 வோல்ட் ஃபேன்டம் (சில மைக்குக்கு மிக்சர் கேபிள் வழியாவே அனுப்புற கரண்ட்) போற லைன்னா வர்ற "டப்"ல ஸ்பீக்கரும் போகும், ஜனங்க காதும் போகும்.

புதுக்கம்பி எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. வரிசையா நின்னு பயிற்சி பண்றதை இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். ரெண்டு கேள்வி. வெட்ஜுக்குப் பதிலா இன்-இயர் (காதுக்குள்ள போடுற மானிட்டர்) போட்டா இந்தத் தலைவலி எல்லாம் போயிடுமா? எங்க கீபோர்டு தங்கச்சி "என்கிட்ட நல்ல ப்ளூடூத் இயர்போன் இருக்கு, அதையே போட்டுக்கலாமே"ன்னு கேட்கிறா.

ஒன்பதுவோல்ட் எழுதியது:

ப்ளூடூத் வேண்டவே வேண்டாம். சாதாரண ப்ளூடூத் இயர்போன்ல 100-லேர்ந்து 200 மில்லி செகண்ட் தாமதம் சகஜம். 120 வேகத்துல போற பாட்டுல ஒரு பீட்டோட கால் பங்கே 125 மில்லி செகண்ட்தான். அவங்க விரல் அழுத்தின ஸ்வரம் காதுக்கு வர்றதுக்குள்ள பாட்டு நகர்ந்து போயிருக்கும். வயர் வச்சது, இல்ல மேடைக்குன்னே செய்த ரேடியோ இன்-இயர், ரெண்டுல ஒண்ணு.

இன்-இயர் வாங்கினா ரெண்டு காதுலயும் போடுங்க. ஒரு காதைக் கழட்டி வச்சுக்கிட்டு வாசிக்கிறவங்க நிறைய பேர், "ஜனங்க சத்தம் கேட்கணும்"ம்பாங்க. ஒரு காதால மட்டும் கேட்டா மூளைக்குச் சத்தம் பத்தாது, போட்டிருக்கிற காதுல வால்யூமை ஏத்துவீங்க. திறந்த காதுல சிம்பல் அறையும். ரெண்டு காதும் ரெண்டு விதமா கெட்டுப்போகும். ஜனங்க சத்தம் வேணும்னா மேடை ஓரத்துல ஒரு மைக் வச்சு இன்-இயருக்குள்ள கலந்து குடுக்கச் சொல்லுங்க.

காது பத்தி ஒரு கணக்கு. 85 டெசிபல்ல 8 மணி நேரம் வரை இருக்கலாம்னு அமெரிக்கப் பணிப்பாதுகாப்பு நிறுவனம் நியோஷ் சொல்லுது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். டிரம்ஸ் பக்கத்துல நின்னா 100 சர்வசாதாரணம். இசைக்காரர்களுக்குன்னே எல்லா அலைவரிசையையும் சமமா குறைக்கிற காதடைப்பான் கிடைக்குது, பயிற்சி அறையிலேர்ந்தே போட்டுப் பழகுங்க. பஞ்சு உதவாது, மேல்பகுதியை மட்டும் மழுக்கிட்டு மிச்சத்தை விட்டுடும்.

இதைவிட முக்கியமா ஒண்ணு, இதுவரை யாரும் சொல்லல: கரண்ட்.

ஹம் (ஸ்பீக்கர்ல 'ம்ம்'னு வர்ற இரைச்சல்) வருதுன்னு பிளக்கோட எர்த் பின்னை உடைக்கிறது, டேப் சுத்தி மறைக்கிறது, எர்த் இல்லாத அடாப்டர்ல சொருகறது, இதை எல்லாம் யாராவது செய்தா அங்கேயே தடுத்து நிறுத்துங்க. கிடார் கம்பி ஆம்ப் வழியா ஒரு எர்த்தோட சேர்ந்திருக்கு, மைக் மிக்சர் வழியா இன்னொரு எர்த்தோட. ரெண்டுல ஒண்ணு சரியில்லன்னா கை கம்பியிலயும் உதடு மைக்லயும் படும்போது நடுவுல இருக்கிறது நீங்க. 1972-ல ஸ்டோன் தி குரோஸ் குழுவோட கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி ஸ்வான்சீயில மேடையிலயே எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார்.

உதட்டுல சின்னதா சுருக்குன்னு ஒரு உணர்வு வந்தாலே நிறுத்திட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, "ஒரு பாட்டுதானே"ன்னு தள்ளாதீங்க. ஹம்முக்குச் சரியான மருந்து டிஐ பாக்ஸ்ல (வாத்தியத்தை நேரா மிக்சரோட இணைக்கிற சின்னப் பெட்டி) இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். அது சிக்னல் வயரோட எர்த்தை மட்டும் பிரிக்கும், மின்சார எர்த் அப்படியே இருக்கும். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி (கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற சுவிட்ச்) வச்ச எக்ஸ்டென்ஷன் போர்டு ஒண்ணு குழுவுக்குச் சொந்தமா இருக்கட்டும்.

தாளக்கட்டு எழுதியது:

> காதடைப்பான்... பயிற்சி அறையிலேர்ந்தே போட்டுப் பழகுங்க

ஆமாம். முதல்ல தண்ணிக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கும். விடாம போட்டா பழகிடும்.

மெல்லிசைப்பிரியன் எழுதியது:

நாங்கள் லேப்டாப்பில் டிராக் போட்டு வாசிக்கிறோம். ஸ்ட்ரிங்ஸ், பின்னணிக் குரல் எல்லாம் டிராக்கில். புதுக்கம்பி, உங்கள் குழுவுக்கும் யோசிக்கலாமே, ஐந்து பேர் பதினைந்து பேர் மாதிரி கேட்கும்.

ஒன்பதுவோல்ட் எழுதியது:

அடுத்த மாச நிகழ்ச்சிக்கா? என் வாக்கு வேண்டாம்னுதான். தங்கள் சத்தமே கேட்காம தவிக்கிறவங்களுக்கு இன்னொரு சத்தத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறோம். டிரம்மர் காதுல கிளிக் (வேகம் காட்டுற டிக் டிக் சத்தம்) இல்லாம டிராக் போடவும் முடியாது.

என்னைக்காவது போட்டா: கிளிக் இடது, இசை வலதுன்னு பிரிச்சு ரெண்டு டிஐ வழியா அனுப்புங்க, கிளிக் அரங்கத்துக்குப் போயிடக் கூடாது. லேப்டாப்ல வைஃபை, நோட்டிஃபிகேஷன், ஸ்லீப், அப்டேட் நாலையும் அணைச்சிடுங்க. பாட்டு நடுவுல வேணும்னே டிராக்கை நிறுத்திட்டு அது இல்லாமலே முடிச்சுப் பாருங்க. அது முடியலன்னா இன்னும் மேடைக்குத் தயாராகல.

கிடார் பக்கம் சுருக்கமா: ஆறு மீட்டருக்கு மேல நீளமான கிடார் கேபிள் வேண்டாம், மேல்பகுதி மங்கிடும். கீபோர்டுலேர்ந்து மிக்சருக்குத் தூரம்னா டிஐ வச்சுடுங்க. ஆக்டிவ் பேஸ்ல ஜாக் சொருகி இருக்கிற வரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கும், செக் முடிஞ்சதும் பிடுங்கி வைங்க (மியூட் போட்ட பிறகு!). புதுக் கம்பி ஒரு நாள் முன்னாடி மாட்டி இழுத்து இழுத்து சுருதி சேருங்க, அன்னைக்குக் காலையில மாட்டாதீங்க.

புதுக்கம்பி எழுதியது:

டிராக் இப்போதைக்கு இல்ல. இன்னொரு பிரச்சினை, சொல்லவே கூச்சமா இருக்கு. முதல் பாட்டுல எனக்கு வலது கை நடுங்கும். பிக் (கம்பியைத் தட்டுற சின்ன வில்லை) நழுவுது. எல்லாருக்கும் இப்படியா, எனக்கு மட்டுமா?

இரண்டாம்குரல் எழுதியது:

உங்களுக்கு மட்டுமல்ல, தம்பி. பெரிய பெரிய பெயர்களுக்கும் உண்டு.

2016-ல் ஸ்டாக்ஹோமில் நோபல் விழா மேடையில் அமெரிக்கப் பாடகி பேட்டி ஸ்மித் பாடும்போது வரி மறந்து நின்றுவிட்டார். "மன்னியுங்கள், பதற்றமாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அந்த இடத்தைத் திரும்பப் பாடினார். அரங்கம் கைதட்டியது. 1960-ல் பெர்லினில் ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பாட்டின் நடுவே வரி மறந்தபோது நிறுத்தவே இல்லை. மறந்துபோனதையே வரியாக்கி, இட்டுக்கட்டிப் பாடி முடித்தார். அந்தப் பதிவுக்கு கிராமி கிடைத்தது. நிறுத்துவதா தொடர்வதா என்று நிறையப் பேர் விவாதிப்பார்கள். குழுவாக வாசிக்கும்போது தொடர்வதே மேல் என்பேன், ஏனென்றால் தவறியது ஒருவர், நின்றுபோவது ஐந்து பேர். தனியாகப் பாடும்போது நிறுத்தினாலும் குடிமுழுகிப் போகாது.

நடுக்கத்துக்கு "அமைதியாக இரு" என்று உங்களையே அதட்டுவது வேலை செய்யாது. 2014-ல் வெளிவந்த ஒரு ஹார்வர்ட் ஆய்வில், பாடப் போகும் முன் "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள் "எனக்குப் பதற்றமாக இருக்கிறது" என்று சொன்னவர்களைவிட நன்றாகப் பாடினார்கள். இதயம் அடித்துக்கொள்வது இரண்டிலும் ஒன்றுதானே, பெயரை மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

சிலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை நல்லது என்று காதில் ஓதுவார்கள். அந்த வகையைச் சேர்ந்த ப்ரோப்ரனலால் நடுக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து என்பதும் உண்மை. மருத்துவரைப் பார்க்காமல் நண்பர் பையிலிருந்து வாங்கிப் போடாதீர்கள்.

தாளக்கட்டு எழுதியது:

அக்கா மனசுக்குச் சொன்னாங்க, நான் விரலுக்குச் சொல்றேன். முதல் பாட்டா எதை வச்சிருக்கீங்க? கிடார் தனியா ஆரம்பிக்கிற பாட்டா இருந்தா மாத்திடுங்க. எல்லாரும் ஒண்ணா இறங்குற, நடுத்தர வேகப் பாட்டு, கார்டு மட்டும் வாசிக்கிற பாட்டு முதல்ல வரணும். உன் கை சூடாகும், ஃபேடர் அண்ணனுக்கும் எல்லா வாத்தியமும் ஒரே நேரத்துல கேட்கிறதால மிக்ஸைச் சரிபண்ண ஒரு பாட்டு கிடைக்கும். உன் பிரமாதமான சோலோ மூணாவதா வரட்டும்.

முதல் பாட்டுல வேகம் ஓடும், அது பதற்றத்தோட வேலை. டிரம்மர் எண்ண ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பல்லவியை மனசுக்குள்ள ஒரு வரி பாடிட்டு அந்த வேகத்துல எண்ணணும்.

ஃபேடர்பக்கம் எழுதியது:

முதல் பாட்டு பத்திச் சொன்னதுக்கு உனக்குக் கோயிலே கட்டலாம்.

செட்லிஸ்ட்ல பாட்டுப் பேர் மட்டும் இருந்தா பத்தாது. பக்கத்துல சுருதி, வேகம், யார் ஆரம்பிக்கிறாங்க, கேபோ (கிடார் கழுத்துல மாட்டுற கிளிப்) எந்த ஃப்ரெட். நின்ன இடத்துலேர்ந்து தரையில இருக்கிற தாளைப் படிக்கிற அளவுக்கு எழுத்து. எல்லார்கிட்டயும் ஒரே தாள், ஒரே பதிப்பு. மரியா ஜோவாவ் பீரெஷ்ங்கிற பியானோ மேதை ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபௌ அரங்கத்துல, பார்வையாளர் முன்னாடி, ஆர்க்கெஸ்ட்ரா தான் தயாரிச்சு வந்ததை விட்டு வேற ஒரு மொசார்ட் கான்செர்ட்டோவை ஆரம்பிச்சதைப் பார்த்து தலையில கை வச்சுக்கிட்டாங்க. நினைவுலேர்ந்து அதையே வாசிச்சு முடிச்சாங்க, அது அவங்க. நமக்கு அது நடந்தா பேஸ்காரர் ஒரு பாட்டும் டிரம்மர் இன்னொரு பாட்டும்தான்.

40 நிமிஷம்னா 34, 35 நிமிஷப் பாட்டு வை. சுருதி சேர்க்க, பேச, கைதட்டல் அடங்க மிச்சம் வேணும். சுருதி சேர்க்கிறது பெடல் ட்யூனர்ல, சத்தம் வெளிய போகாம. அந்த நேரத்துல பாடுறவர் பேசணும், என்ன பேசறதுன்னு அவர் முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கணும்.

புதுக்கம்பி எழுதியது:

முதல் பாட்டு நான் தனியா ஆரம்பிக்கிறதுதான் வச்சிருந்தோம், மாத்திட்டோம். கடைசிக் கேள்வி அண்ணே. எங்களுக்கு முன்னாடியும் பின்னாடியும் வேற குழு இருக்கு, நடுவுல பத்து நிமிஷம்தான். ஸ்டேஜ் பிளாட்னு ஒரு படம் கேட்கிறாங்க. அனுப்பினா நிஜமா யாராவது பார்ப்பாங்களா?

ஃபேடர்பக்கம் எழுதியது:

பார்ப்போம். ஒரே பக்கம் இருக்கணும். மேலேர்ந்து பார்க்கிற மாதிரி ஆளுக்கு ஒரு கட்டம் போட்டு, யார் எங்க, வெட்ஜ் எங்க, கரண்ட் எங்க வேணும்னு குறி. இடது, வலதுங்கிறது மேடையில நின்னு ஜனங்களைப் பார்க்கிறவரோட இடது, வலது. இதுலதான் பாதிப் பேர் தலைகீழா போட்டு அனுப்பறாங்க. கீழ சேனல் பட்டியல்: 1 கிக், 2 ஸ்நேர்னு ஆரம்பிச்சு கடைசியில குரல். மைக்கா டிஐயான்னு பக்கத்துல எழுது.

மெயில்ல அனுப்பினாலும் ரெண்டு பிரின்ட் கையில கொண்டுவா, மெயில் போன ஆளும் அன்னைக்கு மிக்சர்ல நிக்கிற ஆளும் ஒருத்தரா இருக்க மாட்டாங்க. பெடல்போர்டு எல்லாம் மேடைக்குப் பின்னாடியே இணைச்சு, சுருதி சேர்த்துத் தயாரா வச்சுக்கோ. முடிஞ்சதும் எல்லாத்தையும் அப்படியே தூக்கிக்கிட்டு கீழ இறங்கி அங்க கழட்டு. மேடை மேல நின்னு கேபிள் சுத்தினா அடுத்த குழுவோட நிமிஷத்தை நீ தின்கிற.